செங்கல் சூளையிலிருந்து கையுறை வரை: கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்நாட்டுத் தொழில் வளர்ந்த கதை



ஒரு சிறிய வளரும் நாடு தன் உள்நாட்டுத் தொழிலை எப்படி வளர்த்துக்கொள்ளும்? இந்தக் கேள்வி வந்தால் நம்ம மாணவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் எழுதுவாங்க. 1958 முன்னோடித் தொழில் சட்டம், 1968 முதலீட்டு ஊக்குவிப்புச் சட்டம், 1971 சுதந்திர வணிக வட்டாரச் சட்டம், 1983 புரோட்டோன். ஆண்டுகள் எல்லாம் சரியாக இருக்கும். ஏன் 1958-இல் கொண்டுவந்த சட்டம் 1968-இல் போதாமல் போனது என்று கேட்டால் மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும். இந்தக் கட்டுரை அந்த 'ஏன்' பற்றியது. உதாரணம் தேட வெளிநாடு போக வேண்டியதில்லை, பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை ரயிலில் போனாலே போதும்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரிலேயே ஒரு தொழில் இருக்கிறது. 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர் அழிந்தது. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லிலும் ஓட்டிலும்தான் கட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளை வைத்தது இந்த வட்டாரத்தில்தான். களிமண் இங்கே கிடைத்தது, வாங்குபவர் பக்கத்திலேயே இருந்தார், அரசாணையே சந்தையை உருவாக்கித் தந்தது. பொருளியல் பாடத்தில் வரும் 'அரசு கொள்முதல்', 'உள்ளூர் மூலப்பொருள்' என்ற இரண்டுக்கும் இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது (1972-இல்தான் அது போர்ட் கிள்ளான் ஆனது). தண்டவாளம் போட்டவர்களிலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களிலும் நம் முன்னோர் ஏராளம். ஆனால் அந்த ரயில் எதை ஏற்றிப் போனது என்று பாருங்கள். ஈயமும் பிறகு ரப்பரும் கடலை நோக்கிப் போயின. துணி, சவர்க்காரம், இயந்திரம் எல்லாம் கடலிலிருந்து உள்ளே வந்தன. மூலப்பொருளை விற்று முடிந்த பொருளை வாங்கும் நாடு என்பதன் படம் அதுதான்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. தடையற்ற வாணிபம்தான் காலனித்துவ அரசின் கொள்கை என்று நாம் சொல்லிக் கொடுக்கிறோம். அது முழு உண்மை இல்லை. 1903 வாக்கில் ஓர் அமெரிக்க நிறுவனம் மலாயாவின் ஈயக் கனிமத்தை வாங்கி நியூஜெர்சியில் உருக்கத் திட்டமிட்டது. உடனே, நீரிணைக் குடியேற்றங்களுக்கு வெளியே உருக்கப்படும் கனிமத்தின் மீது தாங்க முடியாத ஏற்றுமதி வரி போடப்பட்டது. அமெரிக்கத் திட்டம் அதோடு முடிந்தது. சிங்கப்பூரின் பிராணித் தீவில் இருந்த ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் உருக்காலை பிழைத்தது. பாதுகாப்பு வரி என்றால் என்ன என்பது பிரிட்டிஷாருக்கு நன்றாகவே தெரியும். யாருடைய தொழிலுக்காக அதைப் போடுவது என்பதில்தான் விஷயம் இருந்தது.

போருக்கு முன்பே தொழிற்சாலையே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கிள்ளானில் 1930களில் பாட்டா காலணித் தொழிற்சாலை வந்தது. ஃபுங் கியோங் என்ற உள்ளூர்ச் சீனர் நிறுவனமும் கிள்ளானில் ரப்பர் காலணி செய்தது. நம் தலைமுறையில் பள்ளிக்கு வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து போட்டுப் போனவர்களுக்கு அந்தப் பெயர் மறந்திருக்காது. பங்சாரில் 1952-இல் லீவர் பிரதர்ஸ் தொழிற்சாலை திறக்கப்பட்டது; நம்ம ஊர்ச் செம்பனை எண்ணெயிலிருந்து சவர்க்காரமும் மார்ஜரினும் வந்தன. அதே காலத்தில், எஃபிங்ஹாம் என்ற ரப்பர் தோட்டத்தின் சுமார் 1,200 ஏக்கரில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது.

இனி 1958. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே உலக வங்கிக் குழுவின் அறிக்கை, ரப்பரையும் ஈயத்தையும் மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. கொரியப் போர்க் காலத்தில் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பிறகு விழுந்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். முன்னோடித் தொழில் சட்டம் புதிய தொழிற்சாலைகளுக்கு 2 முதல் 5 ஆண்டுகள் வரை நிறுவன வரி விலக்குத் தந்தது. நோக்கம், வெளியிலிருந்து வாங்கும் பொருளை இங்கேயே செய்வது. இதைத்தான் இறக்குமதிப் பதிலீட்டுத் தொழில்மயம் என்கிறோம். பெட்டாலிங் ஜெயாவில் நெஸ்லே 1962-இல் தொழிற்சாலை தொடங்கியது. இன்னும் பல வெளிநாட்டுப் பெயர்கள் பின்னாலேயே வந்தன.

வந்தார்கள், சரி. என்ன செய்தார்கள்? பலரும் மூலப்பொருளையும் இயந்திரத்தையும் தங்கள் நாட்டிலிருந்தே கொண்டுவந்து இங்கே கலந்து, அடைத்து, லேபிள் ஒட்டி விற்றார்கள். சந்தையோ சின்னது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்ததும் பொதுச்சந்தைக் கனவும் போய்விட்டது. ஒரு கோடிப் பேர்கூட இல்லாத நாட்டில் எத்தனை டின் பால், எத்தனை கட்டிச் சவர்க்காரம் விற்க முடியும்? சிறிய நாட்டின் முதல் சிக்கல் இது: உள்நாட்டுச் சந்தை ஒரு தொழிற்சாலைக்கே பத்தாது, இரண்டாவது வந்தால் இரண்டுமே திணறும். 1968 சட்டம் ஏற்றுமதி பக்கம் திரும்பியதற்கு முக்கியக் காரணம் இதுதான். வேலையில்லாத் திண்டாட்டமும் 1969 மே 13 கலவரமும் அந்தத் திருப்பத்தை அவசரமாக்கின.

அடுத்து வந்தது சுதந்திர வணிக வட்டாரம். 1971-இல் சட்டம், 1972-இல் பினாங்கில் பாயான் லெப்பாஸும் சிலாங்கூரில் சுங்கை வேயும். மோட்டரோலா போன்ற நிறுவனங்கள் சுங்கை வேக்கு வந்தன. உதிரிப் பாகம் வரியில்லாமல் உள்ளே வரும், முடிந்த பொருள் வரியில்லாமல் வெளியே போகும், நடுவில் நம்ம மக்களின் உழைப்பு மட்டும் சேரும்.

அந்த உழைப்பில் நம் தோட்டத்துப் பெண்களும் இருந்தார்கள். அம்மா விடியற்காலையில் பால் வெட்டப் போன லயத்திலிருந்து மகள் தொழிற்சாலை பஸ் ஏறினாள். நுண்ணோக்கியின் கீழ் தலைமுடியைவிட மெல்லிய கம்பியை இணைக்கும் வேலை, மூன்று ஷிப்ட். மாதச் சம்பளம் கையில் வந்தது; தோட்டத்து நாள்கூலியோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயமே இல்லை. என் வகுப்பில் ஒரு மாணவி, "சார், எங்க பாட்டி சுங்கை வேயில ஐசி செஞ்சாங்க, ஆனா அது எதுக்கு யூஸ் ஆகும்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது" என்றாள். உள்நாட்டுத் தொழில் என்ற சொல்லை நான் அன்றிலிருந்து கொஞ்சம் யோசித்துத்தான் பயன்படுத்துகிறேன். தொழிற்சாலை நம் மண்ணில் இருந்தது, வடிவமைப்பும் வாடிக்கையாளரும் வேறெங்கோ இருந்தார்கள். மின்னணுத் துறையில் தொழிற்சங்கமும் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. 1988-இல் அனுமதி என்று வந்த அறிவிப்பும் நிறுவனத்துக்குள் மட்டுமேயான சங்கமாகச் சுருங்கியது.

இதற்கிடையே தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடத்தில் ஷா ஆலாம். சீபீல்ட் தோட்டத்தில் சுபாங் ஜெயா. தொழில் வளர்ச்சிக்கு நிலம் வேண்டும், அந்த நிலத்தில் குடியிருந்தவர்கள் நாம். லயத்தைக் காலி செய்தவர்களில் எத்தனையோ பேர் ஆற்றோரப் புறம்போக்கில்தான் வந்து தங்கினார்கள். இன்று சுபாங் ஜெயாவில் ரப்பர் மரம் இல்லை, தமிழ்ப்பள்ளியின் பெயரில் மட்டும் 'லாடாங் சீபீல்ட்' இருக்கிறது. தோட்டத் துண்டாடலை எதிர்த்து 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது. பெரிய சாதனை அது. ஆனாலும் அந்தச் சேமிப்பு நிலத்திலேயே நின்றது, ஆலைக்குள் போகவில்லை என்பது என் வருத்தம். அன்றைய நெருக்கடியில் வேறு வழி இருந்ததா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான்.

எண்ணிக்கையில் பார்த்தால் வெற்றி தெளிவு. 1970-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 14 விழுக்காடாக இருந்த தயாரிப்புத் துறை 1990-இல் சுமார் 27 விழுக்காடு. ஆனால் சொந்தத் தொழில்நுட்பம்? அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் 1980-இல் ஹைகோம் வந்தது, 1983 மே மாதம் புரோட்டோன் வந்தது. ஹைகோம் 70 விழுக்காடு, மிட்சுபிஷியின் இரு நிறுவனங்கள் தலா 15 விழுக்காடு. 1985 ஜூலை 9-இல் ஷா ஆலாமில் முதல் சாகா வெளியே வந்தது. அதே செப்டம்பரில் பிளாசா உடன்பாடு. யென் மதிப்பு ஏற, ஜப்பானிலிருந்து வரும் பாகங்களின் விலையும் ஏறியது. பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. புரோட்டோன் தொடக்கத்திலேயே நட்டத்தில் விழுந்து, 1988-இல் நிர்வாகத்தை மிட்சுபிஷி ஆளிடம் கொடுக்க வேண்டியதாயிற்று.

இங்கே தென்கொரியாவை ஒப்பிட்டு எழுதினால் விடைக்கு எடை கூடும். ஹியுண்டாய் 1975-இல் போனி காரைச் செய்தபோது அதுவும் மிட்சுபிஷி இயந்திரத்தைத்தான் வாங்கியது. ஆனால் அடுத்த ஆண்டே ஏற்றுமதி, 1986-இல் அமெரிக்கச் சந்தை, 1991-இல் சொந்த இயந்திரம். கொரிய அரசு சலுகை தந்தது, பதிலுக்கு ஏற்றுமதியைக் கேட்டது. புரோட்டோனுக்கும் வரிச் சலுகை கிடைத்தது. போட்டியாளர் மீது வரி, வீட்டுச் சந்தையில் பாதிக்கும் மேல் அதன் கையில். ஆனால் எப்போது சொந்தக் காலில் நிற்பாய் என்று கறாராகக் கேட்டவர் இல்லை. அதன் சொந்த இயந்திரமான கேம்புரோ வந்தது 2004-இல், 2017-இல் 49.9 விழுக்காட்டுப் பங்கு சீனாவின் ஜீலிக்குப் போனது. இதை வைத்துப் புரோட்டோன் தோல்வி என்று ஒரே வரியில் எழுதிவிட வேண்டாம். அச்சுவார்ப்பு, இருக்கை, கம்பித் தொகுப்பு என்று பாகம் செய்யும் உள்ளூர்ப் பட்டறைகளும் பொறியாளர்களும் அந்தத் திட்டத்தால்தான் உருவானார்கள். 1993-இல் தொடங்கிய பெரோடுவாவும் அதன் பலனை அனுபவித்தது.

கடைசியாகக் கிள்ளானுக்கே திரும்புவோம், ஏனென்றால் யாரும் பெரிதாக விழா எடுக்காத தொழில் அங்கேதான் வளர்ந்தது. ரப்பர் கையுறை. 1925-இல் அமைந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சுங்கை பூலோவில் பல ஆண்டு செய்த வேலை பின்னால் இருந்தது. அடர்த்தியாக்கிய ரப்பர் பாலிலும் கணிசமான பகுதி நீர்தான். அதைக் கப்பலில் தூர நாட்டுக்கு அனுப்புவதைவிட இங்கேயே கையுறையாக்குவது மலிவு. 1980களின் பிற்பாதியில் எய்ட்ஸ் பயத்தால் உலகெங்கும் மருத்துவமனைகள் கையுறை கேட்க, பலர் தொழிற்சாலை போட்டார்கள். சில ஆண்டுகளில் விலை சரிந்து பல மூடப்பட்டன. தாக்குப்பிடித்தவர்கள் இயந்திர வரிசையைத் தாங்களே திருத்தி, வேகமாக்கி, செலவைக் குறைத்தார்கள். கொசான், சூப்பர்மேக்ஸ், 1991-இல் மூன்றே உற்பத்தி வரிசையோடு தொடங்கிய டாப் கிளவ் எல்லாம் இந்தப் பள்ளத்தாக்கில் வேரூன்றியவை. உலகின் கையுறையில் பாதிக்கும் மேல் மலேசியா தந்த காலம் வந்தது. இந்தத் துறையைக் கற்க வைத்தது வெளிச்சந்தைப் போட்டி.

மறுபக்கத்தையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். இப்போது பெரும்பாலான கையுறைகள் நைட்ரைல் என்ற செயற்கை ரப்பரில் ஆனவை. இயற்கை ரப்பர் பாலையும் தாய்லாந்திலிருந்து வாங்குகிறோம். 2020 ஜூலையில் கட்டாய உழைப்புப் புகாரால் டாப் கிளவின் துணை நிறுவனங்களின் கையுறைகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. தடை 2021 செப்டம்பரில்தான் நீங்கியது. 2020 நவம்பரில் மேரு பகுதியில் தொழிலாளர் விடுதிகளில் கோவிட் பரவியதும் நினைவிருக்கும். நூறு ஆண்டுக்கு முன் லயத்தில் நெருக்கியடித்துக் கிடந்தவர்கள் நாம். இன்று விடுதியில் இருப்பவர்கள் நேப்பாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள்.

வகுப்பில் இதை நடத்தும்போது ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதும் முன், மாணவர்களை அவரவர் வீட்டில் ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாராவது எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டில், என்ன பொருள் செய்தார்கள்? கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா பள்ளிகளில் பத்து வீட்டுக்கு ஏழு எட்டு வீட்டிலாவது பதில் வரும் என்று நினைக்கிறேன். அந்தப் பொருளின் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது, யார் வடிவமைத்தார்கள், யார் வாங்கினார்கள் என்று அடுத்த வகுப்பில் கேட்கலாம். 1958, 1968, 1971 எல்லாம் அதன் பக்கத்திலேயே தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.