ரை மாவுக்குக் கிடைத்த மரியாதை

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தை இத்தாலியின் பார்மா நகரில் திறந்துவைத்த பிரதமர் சில்வியோ பெர்லுஸ்கோனி, பின்லாந்துச் சாப்பாட்டைத் தாம் சகித்துக்கொள்ள நேர்ந்ததாகப் பேசினார். அந்த ஆணையத்தைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவரப் பார்மாவோடு போட்டியிட்டிருந்தது பின்லாந்தின் ஹெல்சின்கி. அடுத்த மாதமே இன்னொரு ஏச்சு. பின்லாந்துக்கு அடுத்தபடியாக மோசமான சாப்பாடு பிரிட்டனில்தான் என்று பிரெஞ்சு அதிபர் ஜாக் சிராக் சொன்னதாக 'லிபரேசியோன்' நாளிதழ் எழுதியது.

பின்லாந்துச் சமையலின் வரலாற்றை அறிந்தவர் எவரும் அப்படிப் பேச மாட்டார்.

குளிரோடு மல்லுக்கட்டி வளர்ந்த அடுப்பு அது. குறுகிய கோடையில் விளைவது ரை என்னும் தானியம், பார்லி, உருளைக்கிழங்கு. காட்டில் பெர்ரிப் பழங்களும் காளானும், ஏரியில் மீனும், வடக்கே லாப்லாந்தில் பனிமானும் கிடைக்கும். இவற்றை உப்பிட்டும் உலர்த்தியும் புகையூட்டியும் நீண்ட பனிக்காலம் முழுவதற்கும் சேர்த்துவைத்தார்கள். சாவோ வட்டாரத்துக் 'கலகுக்கோ' அந்தச் சாமர்த்தியத்துக்கு நல்ல உதாரணம். சிறு மீன்களையும் பன்றி இறைச்சியையும் ரை மாவுக்குள் பொதிந்து, மணிக்கணக்கில் இளஞ்சூட்டில் சுடுவார்கள். மீன் முள்கூட மெத்தென்று ஆகிவிடும். அந்நாளில் வேலைக்குப் போனவர்களுக்கு அதுவே கட்டுச்சோறு.

'கர்யலன்பீரக்கா'வின் கதை இன்னும் உருக்கமானது. ரை மாவை மெல்லியதாகத் தேய்த்து, நடுவே அரிசிக் கஞ்சியை வைத்து, ஓரங்களைக் கொசுவி மடித்துச் சுடுகிற கரேலியப் பலகாரம் இது. வெந்த முட்டையையும் வெண்ணெயையும் பிசைந்து மேலே வைத்துச் சாப்பிடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் பின்லாந்துக் கரேலியாவின் பெரும்பகுதி சோவியத் ஒன்றியத்தின் வசமானபோது, 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு வெளியேறிப் பின்லாந்தின் மற்ற ஊர்களில் குடியமர்ந்தனர். போன ஊரிலெல்லாம் அவர்கள் மாவு பிசைந்தார்கள். ஒரு வட்டாரத்தின் பலகாரம் நாட்டுக்கே சொந்தமானது அப்படித்தான்.

பெர்லுஸ்கோனி பேசுவதற்கு முன்பே ஐரோப்பிய ஒன்றியம் இந்த இரண்டையும் பாரம்பரியச் சிறப்பு உணவுகளாகப் பதிவு செய்திருந்தது: கலகுக்கோ 2002இல், கர்யலன்பீரக்கா 2003இல். லாப்லாந்தின் 'புய்குலா' உருளைக்கிழங்குக்கோ 1997இலேயே புவிசார் பாதுகாப்பு கிடைத்துவிட்டது.

உயர்தர உணவகங்களும் பின்தங்கவில்லை. ஹெல்சின்கியின் 'பேலஸ்' 1987இல் நாட்டின் முதல் மிஷெலின் நட்சத்திரத்தைப் பெற்றது. 2004இல் கோபன்ஹேகனில் புதிய நார்டிக் சமையலுக்கான அறிக்கையில் கையெழுத்திட்ட சமையல் கலைஞர்களில் பின்லாந்தின் ஹான்ஸ் வாலிமாகியும் ஒருவர். அந்தந்த மண்ணில், அந்தந்தப் பருவத்தில் விளைவதைக் கொண்டே சமைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. பின்லாந்தின் பாட்டிமார் காலங்காலமாகச் செய்துவந்ததும் அதுதான்.

2008இல் நியூயார்க்கில் நடந்த சர்வதேச பீட்சா போட்டிக்கு, பின்லாந்தின் 'கோட்டிபீட்சா' நிறுவனம் புகையூட்டிய பனிமான் இறைச்சி, காட்டுக் காளான், சிவப்பு வெங்காயம் ஆகியவற்றை ரை மாவு அடித்தட்டில் பரப்பிக் கொண்டுபோனது. இத்தாலியப் பாணிப் பீட்சாக்களைப் பின்னுக்குத் தள்ளி அதுவே முதல் பரிசை வென்றது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பீட்சா பெர்லுஸ்கோனி'.

2017இல், விடுதலையின் நூற்றாண்டையொட்டித் தேசிய உணவைத் தேர்ந்தெடுக்க நடந்த வாக்கெடுப்பில் பின்லாந்து மக்கள் முதலிடம் கொடுத்தது ரை ரொட்டிக்கு.