அழுத்தாமல் எழுதுதல்

1884இல் நியூயோர்க்கில் லூயிஸ் வாட்டர்மன் மை சீராக இறங்கும் ஊற்றுப்பேனைக்குக் காப்புரிமை பெற்றார். 1945இல் அதே நகரக் கடையொன்றில் குமிழ்முனைப் பேனை விற்பனைக்கு வந்தது. சில பத்தாண்டுகளில் ஊற்றுப்பேனை பல நாட்டு வகுப்பறைகளிலிருந்து வெளியேறிற்று. ஜேர்மனியில் அப்படி நடக்கவில்லை. 1960இல் ஹனோவரின் பெலிக்கன் நிறுவனம் மாணவருக்கெனவே 'பெலிக்கானோ' பேனையைச் செய்தது. இன்றும் இங்கே பல பாடசாலைகளில் பென்சிலில் தொடங்கும் பிள்ளை பிறகு மைப்பேனைக்கு மாறுகிறது.

இந்த வரலாறு அகதிமுகாமிலிருந்து வரும் பிள்ளையின் தலையில் வந்து விழுகிறது. அதன் கைக்குப் பழகியது குமிழ்முனைப் பேனை. அதன் தடித்த மை அழுத்தினால்தான் வரும். ஊற்றுப்பேனையின் நீர்த்த மையோ நிப்பின் பிளவு வழியே தானாக இறங்கும். அழுத்தினால் நிப் விரியும், தாள் கிழியும். பார்ப்பவர்களுக்கு அது எழுதத் தெரியாத பிள்ளை.

எங்கள் உணவகச் சமையற்கட்டில் ஆறு பேர் மாதம் ஐந்து யூரோ போடுகிறோம். ஈழத்துப் பிள்ளையா, சிரியப் பிள்ளையா என்று பார்ப்பதில்லை. பேனையும் மைக்குழாயும் வாங்கி, ஞாயிறு பின்னேரம் கூட இருந்து எழுதிக் காட்டுகிறோம். பேனை கொடுக்க ஐந்து நிமிடம் போதும். கையின் பயம் போக மாதங்கள் வேண்டும். காசு தர முன்வரும் நண்பர்கள் அந்த நேரத்தையும் தாருங்கள்.