ஏரிக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது

2014-ல் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் இயங்குதளத்துக்கு யோசெமிட்டி என்று பெயர் வைத்தது. அந்த வருடம் அலுவலகத்தில் பாதி மடிக்கணினிகளில் ஒரே படம்தான்: கத்தியால் நெடுக்காக வெட்டி நிறுத்தியதுபோல் ஒரு பாறை. ஹாஃப் டோம். படத்தில் ஆள் இல்லை, வீடு இல்லை, அடுப்புப் புகை இல்லை. "மனுஷன் காலே படாத இடம் மாதிரி இருக்குல்ல?" என்பான் பக்கத்து இருக்கை நண்பன்.

அந்தப் பெயரில் இருந்தே தொடங்கலாம். 'அவர்கள் கொலைகாரர்கள்' என்று பொருள்படும் மிவோக் மொழிச் சொல்லில் இருந்து அது வந்தது என்பது மொழியியலாளர்கள் பரவலாக ஏற்கும் விளக்கம். பள்ளத்தாக்குக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே இருந்தவர்களைப் பற்றிச் சொன்ன சொல். உள்ளே இருந்தவர்கள் தங்கள் ஊரை அவானி என்றார்கள்.

1848-ல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. மறு வருடமே சியர்ரா மலையடிவாரம் முழுக்க சுரங்கக் கூட்டம். வேட்டை நிலமும் ஆறும் பறிபோன பழங்குடியினர் எதிர்த்தார்கள். வணிகக் கடைகளைத் தாக்கினார்கள். மாநில அரசு மரிப்போசா பட்டாளம் என்ற படையைத் திரட்டியது. தலைமை ஜேம்ஸ் சாவேஜ், தாக்கப்பட்ட கடைகளின் முதலாளி. 1851 மார்ச்சில் பட்டாளம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. குடிசைகளைக் கொளுத்தியது. கூடவே, சேமித்து வைத்திருந்த ஓக் கொட்டைகளையும். அந்தக் கொட்டைதான் அவர்களுக்கு அரிசி மாதிரி. இடித்து மாவாக்கி, நீரூற்றிக் கசப்பை எடுத்து, கூழ் காய்ச்சுவார்கள். பள்ளத்தாக்கின் பாறைகளில் அந்த உரல் குழிகள் இன்றும் இருக்கின்றன.

மே மாதம் படை மறுபடி வந்தது. தலைவர் தெனாயாவின் மகன் ஒருவன் தப்பி ஓடும்போது சுட்டுக் கொல்லப்பட்டான். மலைமேல் ஏரிக்கரையில் ஒளிந்திருந்த மக்கள் பிடிபட்டார்கள். பட்டாளத்தின் மருத்துவர் லஃபாயெட் பன்னெல், இந்த ஏரிக்கு உங்கள் பெயரையே வைக்கிறோம் என்று தெனாயாவிடம் சொன்னார். ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்றார் தெனாயா. பைவியாக், மின்னும் பாறைகளின் ஏரி. பன்னெலே 1880-ல் வெளியிட்ட நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். வரைபடத்தில் இன்று இருப்பது தெனாயா ஏரிதான். மகனைக் கொன்று, ஊரைக் கொளுத்தி, ஏரிக்குப் பெயர் வைத்து மரியாதை!

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 1864-ல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, லிங்கன் பள்ளத்தாக்கைப் பொதுமக்களின் பயனுக்காக மாநிலத்திடம் ஒப்படைத்தார். 1868-ல் ஜான் மியூர் வந்தார். 1890-ல் தேசியப் பூங்கா. மியூர் இல்லையென்றால் இந்த மலைகளில் பாதி மரம் அறுவைக்கும் ஆட்டு மந்தைக்கும் போயிருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய ஆரம்பகால எழுத்தில் பழங்குடியினர் அழுக்கானவர்கள், காட்சியைக் கெடுப்பவர்கள். அவர் தொடங்கிய சியர்ரா கிளப்பே 2020-ல் இதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டது.

துரத்தப்பட்டவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். சொந்த ஊரில் விடுதி வேலை பார்த்தார்கள், கூடை முடைந்து சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றார்கள். 1930-களில் நிர்வாகம் அவர்களுக்குச் சின்னச் சின்ன மரவீடுகள் கட்டி வாடகை வாங்கியது. அப்புறம், பூங்காவில் வேலையில் இருப்பவர்கள் மட்டும்தான் தங்கலாம் என்று விதி வந்தது. வேலை போனால் வீடும் போகும். மிச்சமிருந்த வீடுகளை 1969-ல் தீயணைப்புப் பயிற்சிக்காகக் கொளுத்தினார்கள்.

இதற்கு ஐந்து வருடம் முன்னால், 1964-ல் வந்தது வன்நிலச் சட்டம். மனிதன் வந்து போகலாம், தங்கக்கூடாது. அப்படிப்பட்ட இடமே வன்நிலம் என்று அது வரையறுக்கிறது. 1984 முதல் யோசெமிட்டியின் ஏறத்தாழ 94 சதவீதம் இந்தச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. வரையறை பழுதில்லாமல் இருக்கிறது. தங்கியிருந்தவர்களை அனுப்பிய பிறகு எழுதப்பட்டது, அவ்வளவுதான். படிக்கும்போது எனக்கு என் விசா ஞாபகம் வந்தது. அதிலும் நான் 'குடியேறாதவர்'. ஆனால் எனக்குத் திரும்பிப் போக ஊர் இருக்கிறது.

நம் திணைகளை நினைத்துப் பாருங்கள். குறிஞ்சிக்குக் குறவர் இருக்கிறார்கள். வெந்து கிடக்கும் பாலைக்குக்கூட எயினர் இருக்கிறார்கள். ஆளில்லாத நிலம் என்று ஒரு திணையே நம்மிடம் இல்லை.

அவானி மக்கள் நிலத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. புல்வெளியை அவ்வப்போது எரித்தார்கள். அடர்புதர் ஒழிந்தது, ஓக் மரங்களுக்கு வெயில் கிடைத்தது, கூடைக்கு நேரான புதுக்குச்சிகள் முளைத்தன. முதல் வெள்ளையர்கள் பார்த்து வியந்த பூங்கா போன்ற அழகு பெரிய அளவில் இந்தக் கைவேலைதான். எரிப்பது நின்றதும் பைன் மரங்கள் நெருக்கிக்கொண்டு வளர்ந்தன, விறகு சேர்ந்தது. 1970-ல் நிர்வாகமே திட்டமிட்டு எரிக்க ஆரம்பித்தது. 2022-ல் வாஷ்பர்ன் காட்டுத்தீ மரிப்போசா தோப்பின் செக்வோயா மரங்களை நெருங்கியபோது, முன்பே எரித்துச் சுத்தமாக்கிய நிலம் அவற்றைக் காப்பாற்ற உதவியது.

ஹாஃப் டோம் ஏறியிருக்கிறேன். 1919-ல் போட்ட இரும்பு வடங்கள், கடைசி 400 அடி. ஒரு நாளைக்குச் சுமார் 300 பேருக்குத்தான் அனுமதி. குலுக்கலில் எங்கள் பெயர் வந்தபோது "டேய், கிடைச்சிருச்சுடா" என்று நண்பன் நடுராத்திரியில் போன் பண்ணினான். உச்சியில் கால் நடுங்கியது, காற்று காதை அறைந்தது, வாழ்க்கையில் மறக்க முடியாத நாள். இந்த வரலாறு தெரிந்ததால் அந்தச் சந்தோஷம் எனக்குக் குறையவில்லை. ஆனால் 'கன்னி நிலம்' என்ற சொல் வாயில் வர மறுக்கிறது.

2018-ல், கடைசி ஊர் இருந்த அதே இடத்தில் பழங்குடியினர் தங்கள் வட்ட மண்டபத்தைக் கட்டி முடிக்கவும் சடங்குகள் நடத்தவும் பூங்கா நிர்வாகம் ஒப்பந்தம் செய்தது. அந்த இடத்துக்குப் பெயர் வஹோகா. குடியிருக்க அங்கே இன்னும் அனுமதி இல்லை. போகிறவர்கள் கரடி புகாத உணவுப்பெட்டி, இரண்டு லிட்டர் தண்ணீர் எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் உரல் குழிகளைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று கைவைத்துப் பாருங்கள். உள்ளே வழுவழுவென்றிருக்கும். பல தலைமுறைப் பெண்கள் இடித்து இடித்துத் தேய்ந்த வழுவழுப்பு.