காலையில் அரண்மனை, மதியம் தோட்டம்

நெல்லைப் பக்கம் வர்றவங்க அரண்மனை, தோட்டம் ரெண்டையும் ஒரே நாள்ல பார்க்கணும்னா நான் கைகாட்டுறது மணிமுத்தாறு. பக்கத்திலேயே சிங்கம்பட்டி ஜமீன் அரண்மனை. அணையைத் தாண்டி மலையேறினா மாஞ்சோலை. ஆனா முதல்ல அரண்மனைதான். மேலே இருக்கிற தோட்டத்தோட கதை அங்கேதான் ஆரம்பிக்குது.

1919-ல் சென்னையில் ஜமீன் வாரிசுகள் படித்த நியூயிங்டன் விடுதியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி வாரிசும் சிக்கினார். வழக்குச் செலவில் ஜமீன் கடன்பட்டு, அதை அடைக்கத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க.

1929-ல் பம்பாய் பர்மா கம்பெனி 8,373 ஏக்கரை 99 வருஷத்துக்கு எடுத்தது. காட்டை அழித்துத் தேயிலை, காப்பி, ஏலக்காய் போட்டது. ஜமீன்கள் ஒழிந்த பிறகும் குத்தகை ஒழியவில்லை.

அந்தச் செடிகளை வளர்த்தவங்க கதை வேறு. 1999 ஜூலை 23-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த பேரணியில் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் 17 பேர் செத்தாங்க. 2024-ல் விருப்ப ஓய்வுன்னு சொல்லி மிச்சம் இருந்தவங்களையும் கீழே இறங்கச் சொல்லிட்டாங்க. தலைமுறை தலைமுறையா கொழுந்து பறிச்சவங்களுக்கு அங்கே சொந்தமா ஒரு சென்ட் நிலம் கிடையாது. குத்தகை 2028-ல் முடியுது.

போறதுன்னா வனத்துறை அனுமதி பற்றி முன்கூட்டியே விசாரிச்சுக்குங்க. மலைப்பாதை மெதுவாத்தான் போகும், இருட்டுறதுக்குள்ள இறங்கிடுங்க.