நுவரெலியாவுக்குச் செல்லும் வழிகள்

நுவரெலியா நகரைக் காணப் புகையிரதத்திற் செல்வோர் நானுஓயாவில் இறங்குதல் வேண்டும். மத்திய மலைநாட்டின் பெயர்பெற்ற அந்நகருக்குச் சொந்தமாக ஒரு புகையிரத நிலையம் இல்லை. எஞ்சிய எட்டுக் கிலோமீற்றர் அளவான ஏற்றத்தைப் பேருந்திலேனும் வாடகை வண்டியிலேனும் கடக்க வேண்டும். முன்னர் ஒரு சிறு பாதை இருந்தது. இரண்டரை அடி அகலமே உடைய அத்தண்டவாளம் 1903ஆம் ஆண்டில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவை அடைந்து, பின்னர் கந்தப்பளை வழியாக இராகலை வரை நீண்டது. மோட்டார் வண்டிகள் பெருகியபின் அது நட்டத்தில் ஓடி, 1940களில் மூடப்பட்டது. அரசர்களுக்கும் கோட்டைகளுக்கும் வரலாறு எழுதும் நாம் வழிகளுக்கு வரலாறு எழுதுவது அரிது. ஆயினும், இந்நகரைப் பொறுத்தவரை அதன் வழிகளே அதன் வரலாறு என்பது என் கருத்து.

நுவர என்பது நகர். எலிய என்பது ஒளி எனவும் வெளி எனவும் பொருள்படும். பெயர் பழையதாயினும் இன்று நாம் காணும் நகரம் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்டதன்று. அருகிலுள்ள சீதா எலியவில் சீதாபிராட்டியார் சிறையிருந்தார் என்பது மக்கள் நம்பிக்கை. வரலாற்றாசிரியன் அதனைச் சான்றாகக் கொள்ளான். எனினும் அந்நம்பிக்கை ஆண்டுதோறும் பல்லாயிரம் யாத்திரிகரை மலையேற்றுகின்றது என்பதை அவனும் மறுக்க இயலாது.

1819இல் வைத்தியர் ஜோன் டேவி இவ்வுயர்நிலத்தைக் கண்டு, இரண்டாண்டின் பின் வெளியிட்ட தமது நூலிற் குறித்தார். 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாயிருந்த சேர் எட்வேட் பான்ஸ் அங்கே தமக்கு ஒரு மாளிகை எழுப்பினார். அதுவே பின்னர் பெருகி இன்றைய கிராண்ட் ஹோட்டலாயிற்று. கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் அவ்விடத்தின் குளிர், கரையோர வெப்பத்தில் நோயுற்ற படைவீரருக்கு மருந்தாகும் என ஆங்கிலேயர் எண்ணினர். மருந்தை அடைய வழி வேண்டுமன்றோ? கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக மலையை வளைத்து வளைத்து ஏறும் சாலை அவ்வாறே பிறந்தது. பான்ஸ் காலத்துச் சாலைகளுக்காகச் சிங்களக் குடியானவர்கள் இராசகாரிய முறைப்படி கூலியின்றி மண் சுமந்தனர். 1832இல் அம்முறை ஒழிக்கப்பட்டது. பின்வந்த சாலைகளில் தென்னிந்தியத் தமிழரின் கைகளே மிகுதியும் உழைத்தன.

அச்சாலையிற் சென்றோருள் புகழ்பெற்றவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்கா சென்றவர் இவரே. வேட்டையாட வந்து, காய்ச்சலுற்று, நுவரெலியாவிற் குணமடைந்த இவர், 1848இல் ஆங்கிலக் குடியானவர்களையும் கால்நடைகளையும் கப்பலில் ஏற்றிவந்து அங்கு ஒரு பண்ணை அமைத்தார். 1855இல் வெளியான அவர்தம் நூல் இன்றும் சுவையாகப் படிக்கத்தக்கது. வண்டியோட்டி புதுவண்டியைப் பள்ளத்தில் உருட்டியதும், அவனே யானையொன்றை ஏற்றத்தில் விரைந்து செலுத்திக் கொன்றதும், இங்கிலாந்திலிருந்து வந்த விலையுயர்ந்த பசு வழியில் இறந்ததும் அதில் நகைச்சுவையோடு விரிக்கப்பட்டுள்ளன. அப்பசுவின் முடிவு நமக்குத் தெரிகின்றது. அதே ஆண்டுகளில் இம்மலைகளை நோக்கி நடந்துவந்து வழியில் மாண்ட மனிதரின் பெயர்களோ நமக்குத் தெரியா.

அவர்கள் நடந்த வழி யாது? தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே புறப்பட்டோர் இராமேசுவரக் கரைக்கு நடந்துவந்து, தோணியேறித் தலைமன்னாரிலும் அரிப்பிலும் இறங்கினர். அங்கிருந்து மன்னார்க் காடுகளினூடாக மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை கடந்து மாத்தளை வரை ஏறக்குறைய நூற்றைம்பது மைல். குடிக்க நல்ல நீரில்லை. வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் உடன் நடந்தன. நோயுற்றவனைக் கூட்டம் காத்திருப்பதில்லை. இறந்தோர் தொகை குறித்து ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். வழி கொடியது என்பதில் வாதமில்லை. கோப்பிக் காலத்தில் இஃது ஒருமுறை நடக்கும் நடையுமன்று. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடியக் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பி, மறு ஆண்டும் அதே காட்டை மிதித்தவர் பலர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் நட்ட தேயிலை மலையெங்கும் பரவிற்று. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, லயங்கள் எழுந்தன, வழிப்போக்கர் குடிகளாயினர்.

இவ்விடத்தில் யாழ்ப்பாணத்து வாசகர் சற்று நிற்றல் வேண்டும். விடுமுறையில் நாம் நுவரெலியா செல்வதாயின், கண்டி வீதியில் வவுனியா கடந்து மதவாச்சியை அடைகின்றோம். அங்கே மேற்கிலிருந்து மன்னார் வீதி வந்து கூடுகின்றது. அச்சந்திமுதல் மாத்தளை வரை, நாம் பேருந்தில் உறங்கிக்கொண்டு செல்லும் வழி பெரும்பாலும் அவர்கள் நடந்த வழியே. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை அவ்வழியே கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். மிகிந்தலையில் மகிந்த தேரரைப் பற்றியும் தம்புள்ளையிற் குகை ஓவியங்களைப் பற்றியும் விரிவாகச் சொன்ன நான், இந்நடையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கியபோது, இவ்வளவு பெரிய தமிழ்க் கோயில் இங்கே எவ்வாறு வந்தது என்று ஒரு மாணவன் கேட்டான். காட்டைக் கடந்து உயிரோடு வந்தவர்கள் தோட்டங்களுக்குப் பிரிந்து செல்லுமுன் இளைப்பாறிய ஊர் அது என அப்போதுதான் சொன்னேன். கேள்வி பிறந்த பின்னரே விடை சொன்ன ஆசிரியன் என்ற நாணம் எனக்கு இன்றும் உண்டு.

புகையிரதம் கண்டியை 1867லும், நாவலப்பிட்டியை 1874லும், அற்றனை 1884லும், நானுஓயாவை 1885லும் அடைந்தது. அற்றனுக்கும் கொட்டகலைக்கும் இடையே அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளும் சிங்கமலைச் சுரங்கத்தினுட் செல்வோர், அதனைக் குடைந்தவர்களை ஒருகணம் நினைத்தல் தகும். சுரங்கம் கடந்தபின் இருமருங்கும் தேயிலையே. தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் ஸ்கொத்லாந்தை நினைவூட்டுகின்றன. கொழுந்தெடுப்போரின் பேச்சு திருச்சியையும் புதுக்கோட்டையையும் நினைவூட்டுகின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நடைவழி கைவிடப்பட்டு, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல்வழி மேலோங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செல்லவேண்டிய தோட்டத்தைக் காட்டும் தகரத்துண்டைக் கழுத்திற் கட்டி ஆட்களை அனுப்பும் முறை வந்தது. சரக்குக்கு ஒட்டும் சீட்டுக்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற்சேவை தொடங்க, கடலின் இருபுறமும் புகையிரதம் காத்து நின்றது. காட்டில் நாட்கணக்காக நடந்தோரின் பேரர் இருந்தவாறே மலை சேர்ந்தனர்.

அதே தண்டவாளம் அவர்களை இறக்கவும் பயன்பட்டது. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மலையக வழக்கிற் கோச்சி எனப்படும் புகையிரதத்தில் ஏறி, பிறந்த லயத்தை விட்டுத் தலைமன்னாருக்குச் சென்ற குடும்பங்கள் எத்தனையோ! அற்றன் மேடையில் ஒரே வீட்டாருள் பாதிப்பேர் வண்டியினுள்ளும் பாதிப்பேர் வெளியிலும் நின்று அழுத காட்சியைக் கண்ட முதியோர் இன்றும் உளர். 1984இல் கப்பல் நின்றது. 1990இல் மன்னார்ப் புகையிரதமும் போரால் நின்று, 2015இலேயே தலைமன்னார்த் துறையை மீண்டும் அடைந்தது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது.

மலைவழி என்றும் நிலையானதன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மண்சரிவுகள் மலைநாட்டுச் சாலைகளையும் புகையிரதப் பாதையையும் பல இடங்களில் அறுத்தன. வழியறுந்தபோது உல்லாசப் பயணிகள் தம் பயணத்தை ஒத்திவைத்தனர். சரிவின் கீழ் லயங்களில் வாழ்வோருக்கு ஒத்திவைக்க ஒன்றுமில்லை.

செல்லும் மாணவர்க்கு ஓர் யோசனை. ஏறும்போது இறம்பொடைச் சாலையிற் செல்க. இறங்கும்போது புகையிரதத்தில் வருக. வசதியிருப்பின், மாத்தளையில் ஒரு நாள் தங்குக. 2023இல், முதல் தொழிலாளர் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, ஜூலை 28ஆம் நாள் தலைமன்னாரிற் புறப்பட்ட ஒரு கூட்டம் பழைய வழியே நடந்து வந்தது. மலையக மக்களோடு சிங்களவரும் முஸ்லிம்களும் வடபகுதித் தமிழரும் அதில் நடந்தனர். வழிநெடுக ஊரவர் நீரும் உணவும் அளித்தனர். பதினாறாம் நாள், ஆகஸ்ட் 12இல், அவர்கள் மாத்தளையை அடைந்தனர்.