கடன் வாங்கிய இசை எப்போது சொந்தமாகிறது?

ஐரோப்பியப் பண்பாட்டில் மனம் தோய்ந்த ஆசியக் கலைஞர் ஒருவர் தம் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்டால், இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடுகின்றன. ‘மேற்கத்திய நகல்’ என்று ஒதுக்குவது ஒன்று. ‘மேற்கையே வென்றுவிட்டார்’ என்று முழங்குவது மற்றொன்று. சீன இளைஞர்கள் பவர் மெட்டல் இசையில் ஐரோப்பியக் கோட்டைகளைப் பற்றிப் பாடினாலும் சரி, தமிழ்நாட்டு இசையமைப்பாளர் வயலின்களுக்காக ஃபியூக் எழுதினாலும் சரி, இவ்விரண்டில் ஒன்றே கிடைக்கிறது. இசையைக் கேட்காமலேயே சொல்லிவிடக்கூடிய தீர்ப்புகள் இவை என்பதுதான் என் வருத்தம்.

நம்மிடையே இதற்குச் சிறந்த சான்று, இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்?’. 1976-இல் ‘அன்னக்கிளி’ வழியே திரையுலகில் நுழைந்தவர், பத்தாண்டுகளுக்குப் பின் திரைக்கு வெளியே படைத்த முதல் கருவியிசைத் தொகுப்பு அது. ‘இதற்கு என்ன பெயரிடுவது?’ என்பதே தலைப்பின் பொருள். பாடகர் இல்லை, கதாநாயகன் இல்லை, காட்சியும் இல்லை. திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜருக்கும் (1767-1847), ஜெர்மனியின் யோஹான் செபாஸ்டியன் பாஹுக்கும் (1685-1750) அதை அவர் காணிக்கையாக்கினார். முதன்மை வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன்.

தொகுப்பில் ஒரு பகுதியின் பெயர் ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’; பாஹை என் வீட்டில் சந்தித்தேன் என்பது பொருள். தனி வயலினுக்காக பாஹ் எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முன்னிசை அதில் ஒலிக்கிறது. அதனோடு நம் மரபின் ராக நடை உரையாடுகிறது. இன்னொரு பகுதியின் பெயரிலேயே ‘ஃபியூக்’ இருக்கிறது. ஃபியூக் என்பது ஒரு சிறு மெட்டை ஒரு குரல் தொடங்க, அது முடிந்ததும் அடுத்த குரல் வேறொரு சுருதி நிலையில் அதே மெட்டை ஏற்க, முதற்குரல் ஓய்ந்துவிடாமல் அதற்கு இணையாக வேறு வழியில் நடக்கும் வடிவம். நம் இசையில் ராகம் ஒற்றை இழையாக விரிகிறது. ஃபியூக்கிலோ பல இழைகள் ஒரே நேரத்தில் நெய்யப்படுகின்றன. ஒன்றின் கமகம் மற்றொன்றின் ஒத்திசைவைக் குலைத்துவிடக்கூடும். எனவே இரண்டையும் இணைக்க ஆர்வம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

அந்தக் கணக்கை அவர் கற்றுக்கொண்டார். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையைப் பயின்றார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்விலும் தேறினார். நகலுக்கும் படைப்புக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நான் இங்கேதான் காண்கிறேன். நகலெடுப்பவர் விளைவை மட்டும் எடுத்துக்கொள்கிறார். கற்பவர் அந்த விளைவை உண்டாக்கிய விதிகளை அறிந்துகொண்டு, அவற்றைத் தம் மண்ணின் பொருளில் இயக்கிப் பார்க்கிறார்.

காணிக்கை பெற்ற இருவருமே கடன் வாங்கத் தயங்கியவர்கள் அல்லர். இத்தாலிக்குச் சென்றிராத பாஹ், இத்தாலியரான விவால்டியின் கான்செர்ட்டோக்களை விசைப்பலகைக்கு மாற்றி எழுதிப் பயின்றார். 1735-இல் ‘இத்தாலியக் கான்செர்ட்டோ’ என்றே ஒரு படைப்பை வெளியிட்டார். தியாகராஜரின் ‘வர லீல கான லோல’ கீர்த்தனையில் மேற்கத்திய மெட்டின் சாயலை இன்றும் உணரலாம். அவர் காலத்தவரான முத்துசுவாமி தீட்சிதர் (1775-1835), ஐரோப்பிய மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதி நோட்டுஸ்வரங்களைப் படைத்தார். அவற்றுள் ஒன்று பிரிட்டானிய நாட்டுப்பண்ணின் மெட்டில் அமைந்தது. அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கற்ற வயலின், இன்று கர்நாடகக் கச்சேரியிலிருந்து பிரிக்கவியலாத பக்கவாத்தியம். அதை யாரேனும் ‘அயல் கருவி’ என்று மேடையிலிருந்து இறக்குவார்களா?

நான் வசிக்கும் பல்லாவரத்திற்கும் இதில் சொல்வதற்கு ஒன்று உண்டு. தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலையடிகள் பல்லாண்டுகள் வாழ்ந்த ஊர் இது. சொல்லில் கலப்பை மறுத்த அவரே, ஆங்கில எழுத்தாளர் ரெய்னால்ட்ஸின் புதினம் ஒன்றைத் தழுவி ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யை எழுதினார், காளிதாசனின் சாகுந்தலத்தையும் தமிழாக்கினார். மொழித் தூய்மையை வலியுறுத்துவதும் பிறரிடம் கற்பதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல என்பதற்கு அவரைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

உலகெங்கும் ஒரே அளவுகோல்தான் பின்பற்றப்படுகிறதா? சுவீடனின் கிதார்க் கலைஞர் இங்வி மால்ம்ஸ்டீன், பாஹ், பகானினி ஆகியோரின் நடையை மின்கிதாருக்குக் கொண்டுவந்து 1984-இல் ‘ரைசிங் ஃபோர்ஸ்’ தொகுப்பை வெளியிட்டார். வேகமான தாளமும் உச்சக்குரலும் செவ்வியல் சாயலும் கொண்ட பவர் மெட்டல் இசையில் அந்தத் தாக்கம் இன்றும் தொடர்கிறது. பாஹ் ஜெர்மானியர், பகானினி இத்தாலியர். ஆயினும் சுவீடன்காரர் ஏன் அயலிசையை எடுத்தார் என்று எவரும் வினவுவதில்லை. அதையே சீனரோ தமிழரோ செய்தால் மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்கப்படுகிறது. இந்தக் கேள்வியை வெளியார் கேட்பதைவிட நாமே கேட்டுக்கொள்வதுதான் மிகுதி.

இதனால் எல்லாக் கலப்பையும் பாராட்ட வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ‘ஹவ் டு நேம் இட்?’ தொகுப்பிலும் சில இடங்களில் இரு மரபுகள் ஒன்றாகாமல் அடுத்தடுத்து நிற்பதாகவே என் செவிக்குப் படுகிறது. அந்தக் குறையைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் அது இசையைக் கேட்டபின் சொல்லும் குறையாக இருக்க வேண்டும். கடன் வாங்கிய வடிவத்தை அவர் எவ்வளவு ஆழமாகக் கற்றார்? அதில் முன்பு இல்லாத எதைச் சேர்த்தார்? இந்த இரு வினாக்களும் சென்னையின் இசையமைப்பாளருக்கும் சீனத்தின் மெட்டல் குழுவுக்கும் ஒருங்கே பொருந்தும்.

2025 மார்ச் 8-இல் இளையராஜாவின் ‘வேலியன்ட்’ சிம்பொனி லண்டனில் அரங்கேறியபோது, நம் ஊடகங்களில் பெருமிதம் பொங்கியது. மகிழ்ச்சியே. ஆனால் அந்தப் படைப்பின் ஒவ்வோர் அசைவிலும் என்ன நிகழ்கிறது என்று தமிழில் விளக்கிய எழுத்து மிகச் சிறிதே என் கண்ணில் பட்டது. பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை கிதார், கீபோர்டு பயிலும் பிள்ளைகள் எத்தனையோ பேர். நாளை அவர்களுள் ஒருவர் பரோக் இசையிலோ மெட்டலிலோ தம் முதல் தொகுப்பைக் கொண்டுவரலாம். வசையும் வாழ்த்தும் அவருக்குத் தட்டாமல் கிடைக்கும். அவருக்குப் பயன்படப்போவது, இசையை முழுமையாகக் கேட்டு, இந்த இடம் நன்று, இந்த இடம் இன்னும் செப்பமாக வேண்டும் என்று தமிழிலேயே எடுத்துச் சொல்லும் மதிப்பீடுதான். அதற்கான சொற்களை நாம் இப்போதே பழகத் தொடங்க வேண்டும்.