எலிசபெத் டில்லி

எலிசபெத் டில்லி (திருமுழுக்கு: ஆகத்து 30, 1607 – இறப்பு: திசம்பர் 1687) என்பவர் 1620 ஆம் ஆண்டில் மேபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்று பிளிமத் குடியேற்றத்தில் வாழ்ந்த பெண் ஆவார். திருமணத்துக்குப் பின் எலிசபெத் ஹௌலண்ட் என அறியப்பட்டார். இவருடைய தந்தை யார் என்பது ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் தவறாகவே நம்பப்பட்டு வந்தது. குறைவான ஆவணங்களைக் கொண்டு ஒரு குடும்ப வரலாறு எவ்வாறு மீட்கப்படுகிறது என்பதற்கு இவரது வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகும்.

வாழ்க்கை

பதின்மூன்று வயதில் எலிசபெத் தன் பெற்றோருடன் கப்பலேறினார். சிற்றப்பா எட்வர்ட் டில்லி, அவர் மனைவி ஆக்னஸ், அவர்களுடைய பராமரிப்பில் இருந்த என்றி சாம்சன், ஹியூமிலிட்டி கூப்பர் என்னும் இரு சிறுவர் ஆகியோரும் உடன் சென்றனர். பயணிகள் 102 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முதல் குளிர்காலத்தில் நோயாலும் குளிராலும் இறந்தனர். எலிசபெத்தின் பெற்றோரும், சிற்றப்பாவும், சிற்றன்னையும் அவர்களுள் அடங்குவர்.

பின்னர் இவர் ஜான் ஹௌலண்ட் என்பவரை மணந்தார். ஹௌலண்ட், குடியேற்றத்தின் முதல் ஆளுநரான ஜான் கார்வரின் பணியாளராக வந்தவர். வழியில் புயலில் கடலில் விழுந்து, கப்பலின் கயிறொன்றைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தவர். இத்திருமணம் 1623 அல்லது 1624 ஆம் ஆண்டளவில் நடந்திருக்கலாம் எனக் கருதப்படுகிறது. இவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள். பத்துப் பேருமே வளர்ந்து மணம் புரிந்தனர் என்பது அக்காலத்தில் அரிய நிகழ்வு.

ஆவணங்களில் எலிசபெத்

குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளின் ஆவணங்களில் பெண்களின் பெயர்கள் மிக அரிதாகவே காணப்படுகின்றன. 1620 இல் எழுதப்பட்ட மேபிளவர் உடன்படிக்கையில் கையொப்பமிட்ட 41 பேரும் ஆண்கள். 1623 இல் ஆளுக்கு ஓர் ஏக்கர் என்ற கணக்கில் நிலம் பிரிக்கப்பட்டபோது, பெரும்பாலும் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. அப்பட்டியலில் எலிசபெத்தின் பெயர் இல்லை. ஹௌலண்டின் பங்குக்குள் இவருடைய ஏக்கரும் அடங்கியிருக்க வேண்டும். 1627 இல் கால்நடைகள் பிரிக்கப்பட்டபோது பிள்ளைகள் உட்பட ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்டதால், அங்கே ஜான் ஹௌலண்டின் மனைவி எலிசபெத் ஹௌலண்ட் என்று இவர் தெளிவாகக் குறிக்கப்படுகிறார். ஆயினும் பிறந்த குடும்பத்தின் பெயர் அதில் இல்லை.

சிக்கல் இங்கேதான் தொடங்கியது. கணவர் ஆளுநர் கார்வர் வீட்டில் வாழ்ந்தவர். மனைவிக்கோ பெற்றோர் இல்லை. பிறந்தகப் பெயரும் எட்டும் இடத்தில் இல்லை. எனவே இவர் கார்வரின் மகள் என்ற செய்தி வழித்தோன்றல்களிடையே பரவியது. பணியாளரின் மனைவி என்பதைவிட ஆளுநரின் மகள் என்பது பெருமை தருவதாலும் இச்செய்தி எளிதில் வேரூன்றியிருக்கக் கூடும். பிளிமத்தில் ஹௌலண்டுக்காக நிறுத்தப்பட்ட பழைய நினைவுக்கல்லிலும் இவ்வாறே பொறிக்கப்பட்டிருந்தது. கல்லில் இருப்பது பின்வந்தோரின் நம்பிக்கையே அன்றி அக்காலச் சான்று அன்று என்பதைக் குடிவழி ஆய்வாளர்கள் மறப்பதில்லை.

பிராட்போர்டின் கையெழுத்துப்படி

கார்வருக்குப் பின் ஆளுநராயிருந்த வில்லியம் பிராட்போர்ட், குடியேற்றத்தின் வரலாற்றைத் தம் கைப்பட எழுதியிருந்தார். அதன் இறுதியில், 1651 அளவில், மேபிளவர் பயணிகள் அனைவரையும் குடும்பம் குடும்பமாகப் பட்டியலிட்டு, ஒவ்வொருவருக்கும் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதையும் குறித்து வைத்தார். பாஸ்டனில் பாதுகாக்கப்பட்டு வந்த இக்கையெழுத்துப்படி அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்தில் காணாமற்போனது. இலண்டன் ஆயரின் புல்ஹாம் மாளிகை நூலகத்தில் அது இருப்பது 1855 இல் அமெரிக்க ஆய்வாளர்களுக்குத் தெரியவந்தது. மறு ஆண்டே முழுமையாக அச்சிடப்பட்டது. மூலப்படி 1897 இல் மாசச்சூசெட்சுக்குத் திரும்பி வந்தது.

அப்பட்டியலில் எலிசபெத் என்பவர் ஜான் டில்லியின் மகள் என்றும், ஜான் ஹௌலண்டை மணந்தவர் என்றும், அவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் என்றும் காணப்பட்டது. எழுதியவர் இவர்களை நேரில் அறிந்தவர். எழுதிய காலத்தில் இருவரும் உயிருடன் இருந்தனர். ஆகவே கார்வரின் மகள் என்ற கதை அத்துடன் முடிந்தது.

ஹென்லோ பதிவேடு

தந்தை பெயர் கிடைத்தும் தாய் யார் என்பது விளங்கவில்லை. ஜான் டில்லியின் மனைவி பெயரைப் பிராட்போர்ட் எழுதவில்லை. ஒல்லாந்தின் லைடன் நகரில் இதே பெயருடைய ஒருவர் பிரிட்ஜெட் வான் டெர் வெல்டே என்பவரை மணந்திருந்ததால், அவரே தாய் எனச் சில நூல்கள் எழுதின. பெயர் ஒத்திருந்தாலே ஆளும் ஒருவரே எனக் கொள்வது இத்துறையில் மிகப் பொதுவான பிழையாகும்.

இங்கிலாந்தில் 1538 முதல் ஒவ்வொரு பங்குத் திருச்சபையும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டியிருந்தது. பெட்போர்ட்சயர் மாவட்டத்தின் ஹென்லோ ஊர்ப் பதிவேட்டைப் பற்றி 1976 இல் ராபர்ட் லீ வார்ட் வெளியிட்ட ஆய்வு சிக்கலைத் தீர்த்தது. அங்கு ஜான் டில்லி, கைம்பெண்ணாயிருந்த ஜோன் ஹர்ஸ்ட் என்பவரை 1596 இல் மணந்தார். அவர்களின் மகள் எலிசபெத் 1607 ஆகத்து 30 அன்று திருமுழுக்குப் பெற்றார். பெயர் ஒற்றுமை மட்டும் இருந்திருந்தால் இதுவும் ஐயத்துக்குரியதே. ஆனால் எட்வர்ட் டில்லி, ஆக்னஸ் கூப்பர் ஆகியோரின் திருமணமும், என்றி சாம்சனின் திருமுழுக்கும் அதே பதிவேட்டில் உள்ளன. கப்பலில் ஒன்றாகச் சென்ற உறவினர் இத்தனை பேர் ஒரே சிற்றூரில் கூடுவது தற்செயலாக இருக்க முடியாது.

இன்னொரு சான்று எலிசபெத்திடமிருந்தே கிடைக்கிறது. 1686 திசம்பர் 17 அன்று எழுதிய உயிலில் தமக்கு வயது எழுபத்தொன்பது என்று இவர் கூறுகிறார். 1607 ஆகத்தில் திருமுழுக்குப் பெற்றவருக்கு அந்நாளில் சரியாக அவ்வயதே ஆகியிருக்கும். மெத்தை, படுக்கை விரிப்புகள், பெட்டி, நூல்கள் ஆகியவற்றைப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பங்கிடும் அவ்வுயில், மணமான மகள்களைக் கணவர் வழிப் பெயர்களுடன் குறிப்பிடுவதால், அடுத்த தலைமுறையை அறியவும் உதவுகிறது.

தேதிகளில் கவனம்

அக்கால இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25 இல் தொடங்கியது. 1752 இல்தான் இது மாற்றப்பட்டது. ஆகவே ஜான் ஹௌலண்ட் இறந்த பெப்ரவரி 23, பழைய கணக்கில் 1672 என்றும் இன்றைய கணக்கில் 1673 என்றும் எழுதப்படுகிறது. இதை அறியாமல் பதிவேடுகளைப் படிப்போர், சனவரி முதல் மார்ச் வரையான நிகழ்வுகளில் ஓராண்டு பிழை செய்துவிடுவர்.

இறுதிக் காலமும் வழித்தோன்றல்களும்

கணவர் இறந்தபின் எலிசபெத் சுவான்சியில் மகள் லிடியா பிரவுனின் இல்லத்தில் வாழ்ந்து அங்கேயே இறந்தார். இவரது கல்லறை இன்றைய ரோட் தீவு மாநிலத்தின் கிழக்கு பிராவிடன்சில் உள்ளது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களான பிராங்க்ளின் ரூசவெல்ட், ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ், ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆகியோர் இவரது வழித்தோன்றல்கள் ஆவர்.